மலையில் இருந்துகொண்டு சூப்பர் கம்ப்யூட்டரை எட்ட முடியுமா? ஏழரை டெராபைட் சோலைக் குரல்கள் கையில் இருக்கின்றன

லாங்வுட்_சோலை | ஜூலை 11, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரியில் இருந்து எழுதுகிறேன். சோலைக்காட்டுப் பறவைகளின் குரலைப் பதிவு செய்து, எந்தப் பறவை எந்த மாதம் எந்தச் சோலையில் பாடுகிறது என்று பார்ப்பது என் முனைவர் பட்ட ஆய்வு. நீலகிரி சிரிப்பானும் நீலகிரி சோலைக்கிளியும்தான் எனக்கு முக்கியம். இரண்டும் மலை உச்சிச் சோலையை விட்டு இறங்காதவை. சோலை சுருங்கினால் அவற்றுக்குப் போக வேறு இடம் கிடையாது.

பன்னிரண்டு பதிவுக் கருவிகளை மரங்களில் கட்டியிருக்கிறேன். விடியற்காலை நான்கு மணி நேரம், சாயங்காலம் இரண்டு மணி நேரம் ஓடும். நொடிக்கு 48,000 மாதிரி, 16 பிட். ஒரு மணி நேரப் பதிவு ஏறக்குறைய 346 மெகாபைட். பத்து மாதத்தில் 21,600 மணி நேரம் சேர்ந்துவிட்டது. மொத்தம் ஏழரை டெராபைட்.

பேர்ட்நெட் மென்பொருள் இதை மூன்று நொடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் எந்தப் பறவை என்று தேடும். அப்படிப் பார்த்தால் என்னிடம் 2 கோடியே 59 லட்சம் துண்டுகள். என் லேப்டாப் ஒரு மணி நேரப் பதிவை முடிக்க இரண்டு நிமிடம் எடுக்கிறது. இரவு பகல் நிறுத்தாமல் ஓட்டினால் முப்பது நாள், அதுவும் கரண்ட் போகாமல் இருந்தால். அமைப்பில் ஓர் எண்ணை மாற்றினால் இன்னொரு முப்பது நாள்.

கல்லூரியில் கேட்டேன். "சூப்பர் கம்ப்யூட்டரெல்லாம் ஐஐடிக்காரங்களுக்கும்மா" என்று சொல்லிவிட்டார்கள்.

இதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. ஹார்ட் டிஸ்க்குகளை பிஸ்கட் டின்னில் போட்டு மூடி, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்திருக்கிறேன். நீலமாக வைத்த மணிகள் மூன்றாம் நாளே இளஞ்சிவப்பாகிவிடும். வாணலியில் வறுத்து, நீலம் திரும்பியதும் மறுபடியும் உள்ளே வைப்பேன். அப்படியும் போன மாதம் ஒரு டிஸ்க் டிக், டிக் என்று ஒலித்துவிட்டு நின்றுபோனது. வேறு பிரதி இல்லாத பதினேழு நாள் பதிவு அதில் இருந்தது. நவம்பர் மாதத்துச் சோலைக்கிளி. அந்த நாட்கள் இனி வராது.

மூன்று கேள்விகள். என்னைப் போன்ற சின்னக் கல்லூரி மாணவிக்கு அரசு சூப்பர் கம்ப்யூட்டரில் இடம் கிடைக்குமா? கிடைத்தால் இவ்வளவு தரவை மலையில் இருந்து எப்படி அனுப்புவது? வேலை முடிந்தபின் எங்கே வைப்பது?


திருச்சி_நோடு | ஜூலை 11, இரவு 10.25

கிடைக்கும் மேடம். அந்த "ஐஐடிக்காரங்களுக்கு" என்ற பேச்சை முதலில் மனத்தில் இருந்து எடுத்துவிடுங்கள். சமவெளியில் ஒரு கிளஸ்டரை, அதாவது ஒன்றாக இணைத்த கணினித் தொகுப்பைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை, அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் திட்டம் 2015இல் வந்தது. ரூ.4,500 கோடி. அறிவியல் தொழில்நுட்பத் துறையும் மின்னணுவியல் தகவல் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து நடத்த, புனேயில் உள்ள அரசின் கணினி மேம்பாட்டு மையமான சி-டாக்கும் பெங்களூரின் இந்திய அறிவியல் நிறுவனமான ஐஐஎஸ்சியும் செயல்படுத்துகின்றன. ஒரே இடத்தில் ஒரு பெரிய இயந்திரத்தை வைக்காமல் நாடு முழுக்கப் பல நிறுவனங்களில் வைத்துப் பகிர்ந்துகொள்வது இதன் எண்ணம். 2019இல் வாரணாசியில் பரம் சிவாய் என்ற இயந்திரம் முதலில் வந்தது. நம் பக்கம் திருச்சி என்ஐடியில் பரம் பொருள், 2022 மே 25 அன்று திறந்தார்கள். 838 டெராஃப்ளாப்ஸ். அதாவது உச்ச வேகத்தில் நொடிக்கு 838 லட்சம் கோடி கணக்குகள். பெங்களூர் ஐஐஎஸ்சியில் பரம் பிரவேகா 3.3 பெட்டாஃப்ளாப்ஸ், கிட்டத்தட்ட அதைப்போல நான்கு மடங்கு.

நடைமுறை இப்படி இருக்கும். வழிகாட்டியின் கையொப்பத்தோடு படிவம் கொடுத்துப் பயனர் கணக்கு (அக்கவுன்ட்) வாங்க வேண்டும். விதிகள் மையத்துக்கு மையம் மாறும், நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். கணக்கு வந்தபின் கோத்தகிரியில் உட்கார்ந்தே லாகின் நோடுக்குள், அதாவது கிளஸ்டரின் வாசல் கணினிக்குள் நுழையலாம். அங்கே நேரடியாக எதையும் ஓட்டக் கூடாது. எத்தனை கோர் (கணினிக்குள் கணக்குப் போடும் அலகு), எவ்வளவு நேரம் வேண்டும் என்று ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி க்யூவில் போட வேண்டும். உங்கள் முறை வந்ததும் அது தானாக ஓடும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் வேலை பிரித்துப் போடும் வகை. ஜனவரி 5ஆம் தேதிப் பதிவுக்கும் மார்ச் 9ஆம் தேதிப் பதிவுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. வானிலைக் கணக்கு அப்படியில்லை, வரைபடத்தின் ஒவ்வொரு கட்டமும் ஒவ்வொரு நேர அடியிலும் பக்கத்துக் கட்டத்திடம் கேட்டுத்தான் அடுத்த எண்ணைப் போடும். அதற்காகத்தான் நோடுகளுக்கு, அதாவது தொகுப்பில் உள்ள தனித்தனிக் கணினிகளுக்கு, நடுவே அவ்வளவு வேகமான இணைப்பு. நீங்கள் கேட்பது லேப்டாப்பின் 720 மணி நேரம். பத்து நோடு, நோடுக்கு நாற்பது கோர் கிடைத்தால் ஒரே இரவில் முடியும்.

கணக்குப் போடும் வேலையைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஏழரை டெராபைட்டைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். உங்கள் ஊரில் அப்லோடு வேகம் என்ன?


லாங்வுட்_சோலை | ஜூலை 11, இரவு 10.41

நல்ல நாளில் 10 எம்பிபிஎஸ். மழை நாளில் சொல்ல முடியாது.


திருச்சி_நோடு | ஜூலை 11, இரவு 10.50

அப்படியானால் ஒரு நொடிகூட அறுபடாமல் போனாலே 69 நாள். இதே தரவு ஒரு கிகாபிட் இணைப்பில் பதினேழு மணி நேரத்துக்குள் போய்விடும்.

தேசிய அறிவு வலைப்பின்னல் என்று ஒன்று இருக்கிறது. 2010 மார்ச்சில் ஒப்புதல் கொடுத்தார்கள், ரூ.5,990 கோடி, அரசின் தேசிய தகவலியல் மையமான என்ஐசி நடத்துகிறது. பல்கலைக்கழகங்களையும் ஆய்வு நிறுவனங்களையும் கிகாபிட் வேகத்தில் இணைப்பது அதன் வேலை. உங்கள் மாவட்டத்தில் அந்த இணைப்புள்ள நிறுவனம் எது என்று விசாரியுங்கள். அங்கே ஒரு மேசையும் இரண்டு நாளும் கிடைத்தால் போதும்.


முத்தோரை | ஜூலை 12, காலை 6.15

திருச்சித் தம்பி சொல்வது சரிதான். ஆனாலும் இந்த மலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கணக்கு என்றாலே சமவெளிக்குப் போக வேண்டும் என்ற எண்ணம் நம் பிள்ளைகளுக்கு வரக் கூடாது.

ஊட்டி காஸ்மிக் கதிர் ஆய்வகத்தில், விண்வெளியில் இருந்து வரும் கதிர்களை அளக்கும் கிரேப்ஸ்-3 என்ற கருவித் தொகுப்பு இருக்கிறது. டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்தினுடையது. அந்தக் கதிர்கள் காற்றில் மோதும்போது பிறக்கும் மியூவான் என்ற நுண்துகள்களைப் பிடிக்கும் கருவியில் 3,712 இரும்புக் குழாய்கள், ஒவ்வொன்றும் ஆறு மீட்டர். 2015 ஜூன் 22 அன்று சூரியனில் இருந்து வந்த பெரும் புயல் பூமியின் காந்தப்புலத்தை அழுத்தியபோது, இரண்டு மணி நேரம் மியூவான்கள் கூடுதலாக வந்ததை அது பிடித்தது. ஏன் கூடின என்று விளக்கப் பல வாரம் கணினியில் சிமுலேஷன், அதாவது நடந்ததைப் போலவே நடத்திப் பார்க்கும் கணக்கு, ஓட்ட வேண்டியிருந்தது. 1,280 கோர் கொண்ட ஒரு கணினிப் பண்ணையில் ஓட்டினார்கள். அந்தப் பண்ணையை இதே ஊட்டியில், தங்கள் கையாலேயே கட்டியிருந்தார்கள்.

ஊட்டிக்குப் பக்கத்து முத்தோரை ரேடியோ தொலைநோக்கியையும் எடுத்துக்கொள்ளுங்கள். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். ஊட்டியின் அட்சரேகை 11 டிகிரி. அதே அளவு சாய்ந்த ஒரு மலைச்சரிவைத் தேடிப் பிடித்து அதன்மேல் கட்டினார் வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப். அதனால் அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக நிற்கிறது, ஒரே பக்கமாகச் சுழற்றினாலே வானத்தில் ஒரு பொருளை மணிக்கணக்கில் தொடரலாம். 1970இல் முடித்த வேலை. மலையையே கணக்கின் ஒரு பகுதியாக ஆக்கிக்கொண்ட இடம் இது.

எண்பதுகளில் அமெரிக்கா நாம் கேட்ட சூப்பர் கம்ப்யூட்டரைத் தர மறுத்தது. 1988இல் சி-டாக் தொடங்கியது, 1991இல் பரம் 8000 வந்தது. மறுக்கப்பட்டதை நாமே செய்துகொள்வது நமக்குப் பழக்கம். அதனால் என் யோசனை: நீலகிரிக் கல்லூரிகள் சேர்ந்து மலையிலேயே ஒரு சின்ன கிளஸ்டர் வைத்துக்கொள்ளட்டும். குளிர் நமக்கு இலவசம்.


குந்தா | ஜூலை 12, காலை 8.50

நான் விஞ்ஞானி இல்லை. மஞ்சூர் பக்கம் நாலு ஏக்கர் தேயிலை. இந்தப் பேச்சை மகன் காட்டினான், படித்தேன்.

2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை. எங்கள் பாதை இரண்டு இடத்தில் காணாமல் போனது. 2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் மண் சரிந்து எத்தனை உயிர் போனது என்று உங்களுக்குத் தெரியும். கோடிக்கணக்கில் செலவழித்து கணினி வைக்கிறார்கள். எந்தச் சரிவு எந்த ராத்திரி இறங்கும் என்று அது சொல்லுமா? சொல்லாது என்றால் அந்தப் பணத்தில் எங்கள் மலைக் கிராமங்களில், ஹட்டிக்கு ஒரு மழைமானி வைத்திருக்கலாமே. கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.


திருச்சி_நோடு | ஜூலை 12, மதியம் 1.30

ஐயா, நியாயமான கேள்வி. எந்தச் சரிவு என்று இன்று சொல்லாது. ஏன் என்று சொல்கிறேன்.

வானிலைக் கணக்கு நாட்டைச் சதுரம் சதுரமாக வெட்டிக்கொள்ளும். ஒரு சதுரத்துக்கு ஒரே மழை, ஒரே உயரம். 12 கிலோமீட்டர் சதுரத்தை 6 ஆக்கினால் நீளத்தில் இரண்டு மடங்கு, அகலத்தில் இரண்டு மடங்கு, நேர அடியையும் பாதியாக்க வேண்டும், ஆக எட்டு மடங்கு கணக்கு. 2025 மே மாதம் தொடங்கிய பாரத் முன்னறிவிப்பு அமைப்பு இப்போது 6 கிலோமீட்டரில் ஓடுகிறது. அதற்காகவே புனேயில் அர்கா என்ற இயந்திரம், 11.77 பெட்டாஃப்ளாப்ஸ். நொய்டாவில் அருணிகா, 8.24.

ஆனால் உங்கள் மலையில் 6 கிலோமீட்டர் என்பது மிகப் பெரிய தூரம். தொட்டபெட்டா உச்சியும் அதற்குக் கீழே கேத்திப் பள்ளத்தாக்கும் ஒரே சதுரத்துக்குள் விழலாம். அதோடு நீங்கள் சொன்ன இரண்டு பேரழிவும் இரண்டு வேறு மழை. அவலாஞ்சியில் கொட்டியது தென்மேற்குப் பருவமழை, கோத்தகிரியைச் சரித்தது வடகிழக்கு. ஒரே மாவட்டம்தான். இதைப் பிடிக்க ஒரு கிலோமீட்டருக்கும் கீழே இறங்க வேண்டும்.

அப்படி இறங்கினாலும் கணக்கு சரியா தப்பா என்று பார்க்கத் தரையில் அளந்த எண் வேண்டும். மழைமானி இல்லாத இடத்தில் அதைத் திருத்த வழியில்லை. உங்கள் ஹட்டி மழைமானியும் புனே இயந்திரமும் ஒரே வேலையின் இரண்டு முனைகள். அர்காவில் வெறும் கணக்கு மட்டும் இல்லை, 33 பெட்டாபைட் (33,000 டெராபைட்) சேமிப்பும் இருக்கிறது. பழைய மழை கையில் இல்லாமல் நாளைய மழையைக் கணிக்க முடியாது.


குந்தா | ஜூலை 12, மாலை 6.05

பழைய மழை என்றதும் ஞாபகம் வந்தது. அப்பா தோட்டத்தில் மழைமானி வைத்திருந்தார். 1974இல் ஆரம்பித்தது. தினமும் காலை எட்டரை மணிக்குக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி அளந்து நோட்டில் எழுதுவார். அவருக்குப் பின் நான் எழுதுகிறேன். பதினோரு நோட்டு இருக்கிறது. இரண்டில் கரையான். 2019 ஆகஸ்டு பக்கத்தில் எண் இல்லை, "நிறைந்து வழிந்தது" என்று எழுதியிருக்கிறேன். இது யாருக்காவது உதவுமா?


லாங்வுட்_சோலை | ஜூலை 12, மாலை 6.20

ஐயா, அந்த நோட்டுகளை எங்கேயும் அனுப்ப வேண்டாம், யாருக்கும் இரவல் கொடுக்க வேண்டாம். நாளை மறுநாள் நானே வந்து ஒவ்வொரு பக்கமாகப் படமெடுத்துக்கொள்கிறேன். கரையான் பிடித்த இரண்டையும் வெயிலில் நேராக வைக்காதீர்கள், தாள் முறுகிவிடும். நிழலில் விரித்துவைத்தால் போதும்.

எல்லோருக்கும் ஒன்று சொல்கிறேன். நேற்று வரை என் கேள்வி கணக்கைப் பற்றியது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கணக்கை ஒரு இரவில் முடிக்கலாம் என்று திருச்சி அண்ணன் சொல்லிவிட்டார். ஐயாவின் நோட்டும் என் பிஸ்கட் டின்னும் ஒரே நிலைமையில் இருக்கின்றன. எங்களுக்கு வேண்டியது தரவை வைக்கப் பத்திரமான ஓர் இடம். அந்த இடத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.


வட்டக்கானல் | ஜூலை 12, இரவு 8.45

கொடைக்கானலில் இருந்து ஒரு இயற்பியல் ஆசிரியை. முதலில் அவசரமான ஒன்று: அந்தச் சிலிக்கா ஜெல்லைச் சமையல் வாணலியில் வறுக்காதேம்மா. நீலம் என்றால் அதில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, உடம்புக்கு ஆகாது. ஆரஞ்சு மணி வாங்கு, அதற்கென்றே தனிச் சட்டி வைத்துக்கொள்.

வைக்கும் இடம் என்றாயே, எங்கள் ஊரில் அதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899இல் தொடங்கியது. 1904 முதல் சூரியனைப் படமெடுத்து வைத்திருக்கிறார்கள். வெள்ளொளியில் ஒரு வரிசை, கால்சியம் ஒளியில் ஒரு வரிசை, 1912 வாக்கில் இருந்து ஹைட்ரஜன் ஒளியிலும் ஒன்று. 1909இல் எவர்ஷெட் என்பவர் இங்கேதான் சூரியப் புள்ளியில் இருந்து வாயு வெளிப்பக்கமாக ஓடுவதைக் கண்டுபிடித்தார். இன்றும் அதற்கு எவர்ஷெட் விளைவு என்றுதான் பெயர்.

அந்தக் காலத்தில் படம் பதித்த கண்ணாடித் தட்டு ஒன்றை ஒருமுறை பார்க்கக் கிடைத்தது. தடித்த கண்ணாடி, ஓரத்தில் சின்ன உடைப்பு. நடுவில் சாம்பல் நிறத்தில் சூரியன். உறையில் மையால் தேதியும் நேரமும். அந்தக் கையெழுத்துக்காரர் உயிரோடு இல்லை, அவர் எடுத்த சூரியன் இருக்கிறது. அந்தத் தட்டுகளை இந்திய வானியற்பியல் நிறுவனம் 4,096க்கு 4,096 புள்ளி, 16 பிட் என்ற அளவில் டிஜிட்டல் ஆக்கியிருக்கிறது. ஒரு சூரியனுக்கு ஏறக்குறைய 33 மெகாபைட். அதை வைத்து உலகில் எங்கிருந்தும் நூறு வருடச் சூரியப் புள்ளிகளை எண்ணலாம்.

யோசித்துப் பார். கண்ணாடி நூறு மழையைத் தாண்டிவிட்டது, உன் டிஸ்க் ஒரு மழையைத் தாண்டவில்லை. அந்தத் தட்டுகள் தப்பித்ததற்குக் காரணம் கண்ணாடி மட்டும் இல்லை. அவற்றுக்கென்று ஓர் அறை இருந்தது, அந்த அறைக்குப் பொறுப்பாக எப்போதும் ஒருவர் இருந்தார்.


ஒட்டாவா_பழனி | ஜூலை 13, காலை 5.30

பழனி அடிவாரம் சொந்த ஊர், இப்போது கனடாவில் ஆய்வுப் பணி. இங்கே இது எப்படி நடக்கிறது என்று சொன்னால் பயன்படும்.

கனடாவில் ஆராய்ச்சியாளர்களுக்குப் பொதுவான ஒரு தேசிய வலைப்பின்னல் உண்டு. முன்பு கம்ப்யூட் கனடா, 2022இல் இருந்து டிஜிட்டல் ஆராய்ச்சிக் கூட்டணி. பல பல்கலைக்கழகங்களில் பெரிய இயந்திரங்கள், எல்லாவற்றிலும் நுழைய ஆளுக்கு ஒரே பயனர் கணக்கு. பேராசிரியராக இருந்தால் போதும், போட்டி இல்லாமலே அடிப்படைப் பங்கு கிடைக்கும், அவர் மாணவர்களுக்கும் அவர் பெயரில் கணக்கு. பெரிய அளவில் வேண்டுமென்றால் ஆண்டுக்கொரு முறை விண்ணப்பப் போட்டி.

சேமிப்பைப் பல அடுக்காக வைத்திருக்கிறார்கள். வீடு என்று ஒரு சின்ன இடம், நிரல்களுக்கு. திட்ட இடம், குழுவின் தரவுக்கு. ஸ்க்ராட்ச், ஓடும்போது மட்டும். நான் பயன்படுத்திய இயந்திரங்களில் ஸ்க்ராட்ச்சில் 60 நாளைத் தாண்டிய கோப்பு தானாக அழிக்கப்படும். கடைசியாக டேப், எடுக்க மெதுவாக இருக்கும், பல வருடம் இருக்கும். சூப்பர் கம்ப்யூட்டரின் வேகமான டிஸ்க்கை நிரந்தர வீடு என்று எண்ணி ஏமாந்தவர்கள் பலர். தங்கச்சி, நீங்கள் எந்த மையத்துக்குப் போனாலும் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: என் கோப்பு எத்தனை நாள் இருக்கும்?

இயந்திரத்தைவிட எனக்கு அதிகம் உதவியது ஆட்கள்தான். பயன்படுத்துவோருக்குச் சொல்லித்தர என்றே நிபுணர்கள் இருக்கிறார்கள். என் முதல் ஸ்கிரிப்ட்டில் ஒரு நோடை முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கோரைப் பயன்படுத்திக்கொண்டிருந்தேன். ஒரு அம்மா கூப்பிட்டு, திட்டாமல், பக்கத்தில் உட்கார வைத்து அரை மணி நேரத்தில் திருத்திக் கொடுத்தார். நம் ஊரில் இந்த ஆள் யார் என்பதுதான் என் கேள்வி.


முத்தோரை | ஜூலை 13, காலை 7.10

அந்த ஆள் வேண்டும் என்பதற்காகத்தான் மலையிலேயே கிளஸ்டர் என்கிறேன். இயந்திரம் பக்கத்தில் இருந்தால் ஆளும் பக்கத்தில் உருவாவான்.


திருச்சி_நோடு | ஜூலை 13, காலை 9.20

ஐயா, மரியாதையோடு மறுக்கிறேன். கிரேப்ஸ்-3க்கு வருடம் முழுக்கக் கணக்கு இருக்கிறது, அதனால் சொந்தப் பண்ணை பொருந்தும். இந்த மேடத்துக்கு வருடத்தில் பத்து இரவு வேண்டும். அவருக்காக வாங்கிய இயந்திரம் மற்ற நாட்களில் சும்மா நிற்கும், ஐந்து வருடத்தில் பழசாகும், மாற்றப் பணம் இருக்காது. ஒரு கல்லூரியில் அப்படி வாங்கிய இயந்திரத்தைப் பார்த்தேன், யுபிஎஸ் பேட்டரி செத்ததும் துணி போட்டு மூடிவிட்டார்கள். பத்து இரவு வேண்டியவர் ஆயிரம் பேர் சேரும்போதுதான் பெரிய இயந்திரத்துக்கு அர்த்தம். ஆறுகளைத் தடுத்து மலையில் அணை கட்டினாலும் மின்சாரத்தை எல்லோரும் ஒரே கம்பியில்தானே பகிர்கிறோம்.

கணக்கு கீழே இருக்கட்டும். ஆனால் சேமிப்பின் ஒரு பிரதியும், சொல்லித்தர ஒரு ஆளும் மலையில் இருக்க வேண்டும். இதில் உங்களோடு நிற்கிறேன்.


முத்தோரை | ஜூலை 13, காலை 9.50

பேட்டரி செத்து மூடிவைத்த இயந்திரத்தை நானும் பார்த்திருக்கிறேன். சரி, ஒப்புக்கொள்கிறேன். சேமிப்பு மலையில், கணக்கு கீழே.


லாங்வுட்_சோலை | ஜூலை 14, இரவு 10.15

இன்று மஞ்சூர் போய் வந்தேன். பதினோரு நோட்டையும் படமெடுத்தாயிற்று. ஐயாவின் அப்பா கையெழுத்து அச்சு மாதிரி இருக்கிறது. மழை இல்லாத நாளில் வெறுமனே விடாமல் ஒரு சின்னக் கோடு போட்டிருக்கிறார். அளக்க மறந்த நாளுக்கும் மழையே இல்லாத நாளுக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள். அதை நினைத்தால் தொண்டை அடைக்கிறது.

சேமிப்பைப் பற்றித் தேடியதில் ஒன்று கிடைத்தது. 2022 நவம்பரில் ஃபரிதாபாத்தில் இந்திய உயிரியல் தரவு மையம் திறந்திருக்கிறார்கள். நான்கு பெட்டாபைட் கொள்ளளவு, புவனேஸ்வரில் ஒரு மாற்றுப் பிரதி. மரபணு வரிசை போன்றவற்றைச் சேர்த்து வைக்க. சோலைக்கிளியின் மரபணுவுக்கு நாட்டில் ஒரு வீடு இருக்கிறது என்று தெரிந்து சந்தோஷமாக இருந்தது. அதன் குரலுக்கும், மஞ்சூர் மழைக்கும் அப்படி ஒரு வீடு வேண்டும். கேட்டுக்கொண்டே இருக்கப் போகிறேன்.

திருச்சி அண்ணா, இடம் குறைக்க மழை பெய்யும் நேரத்துப் பதிவுகளை அழித்துவிடலாமா? சோ என்று ஒரே இரைச்சல், பறவை எதுவும் கேட்காது. மூன்றில் ஒரு பங்கு அதுதான்.


குந்தா | ஜூலை 14, இரவு 10.40

அம்மணி, அழிக்காதே. உன் கருவி மழையைக் கேட்டிருக்கிறது. நான் காலை எட்டரைக்கு ஒரு எண் எழுதுகிறேன், ராத்திரி எத்தனை மணிக்குக் கொட்டியது என்று எனக்குத் தெரியாது. உன் கருவிக்குத் தெரியும்.


திருச்சி_நோடு | ஜூலை 14, இரவு 11.05

ஐயா சொன்னதை மூன்று முறை படித்தேன். மேடம், ஒரு கோப்பைக்கூட அழிக்காதீர்கள். உங்கள் கருவிகள் ஓடும் அந்த ஆறு மணி நேரத்துக்கு மழை எப்போது தொடங்கியது, எப்போது வலுத்தது என்று நிமிடக் கணக்கில் உங்களிடம் இருக்கிறது, அதுவும் மழைமானியே இல்லாத பன்னிரண்டு சோலைகளுக்குள். இரைச்சலின் வலுவுக்கும் மில்லிமீட்டருக்கும் உறவு கண்டுபிடிக்க, ஏதாவது ஒரு கருவிக்குப் பக்கத்தில் ஒரு மழைமானி வைத்தால் போதும். மண் சரிவுக்கு மொத்த மழையைவிட ஒரு மணி நேரத்தில் எவ்வளவு என்பது பல நேரம் முக்கியம்.

இடம் குறைக்க வேறு வழி: ஃபிளாக் என்ற சுருக்கிய ஒலிக்கோப்பு வடிவத்துக்கு மாற்றுங்கள். ஒலியில் ஒரு புள்ளிகூடக் குறையாது, அளவு குறையும். மழை இரைச்சல் அவ்வளவாகச் சுருங்காது, அமைதியான விடியல் நன்றாகச் சுருங்கும். பிறகு ஒவ்வொரு கோப்புக்கும் அதன் உள்ளடக்கத்தில் இருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண் எடுத்து ஒரு பட்டியலாக வையுங்கள். இந்தப் பக்கம் எடுத்த எண்ணும் அந்தப் பக்கம் எடுத்த எண்ணும் ஒன்றானால்தான் கோப்பு முழுசாகப் போய்ச் சேர்ந்தது என்று அர்த்தம். மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு ஊரில். ஒன்றை வட்டக்கானல் டீச்சரிடம் கொடுத்துவையுங்கள், இரண்டு மலைக்கும் ஒரே நாளில் இடி விழாது.


வட்டக்கானல் | ஜூலை 15, காலை 6.30

தாராளமாகக் கொடுத்து வை. பதிலுக்கு ஒன்று தருகிறேன். பாலக்காட்டுக் கணவாய்க்கு இந்தப் பக்கம் உன் பறவைகள் இல்லை, அவற்றின் உறவுகள் இருக்கின்றன. பழனி சிரிப்பான், வெள்ளை வயிற்றுச் சோலைக்கிளி. என் மாணவர்கள் இரண்டு வருடமாகப் பள்ளிக்குப் பின்னால் உள்ள சோலையில் பதிவு செய்கிறார்கள். 140 மணி நேரம் இருக்கும். தேதி, நேரம், மேகம் எல்லாம் நோட்டில் எழுதவைத்திருக்கிறேன். சூரியத் தட்டின் உறையைப் பார்த்துக் கற்றது.


லாங்வுட்_சோலை | ஆகஸ்ட் 23, இரவு 11.50

தாமதத்துக்கு மன்னியுங்கள். இவ்வளவு நாள் படிவம், கையொப்பம், மறுபடியும் படிவம். பயனர் கணக்கு கிடைத்துவிட்டது.

போன வாரம் இரண்டு டிஸ்க்கைப் பழைய கம்பளிச் சட்டையில் சுற்றி, பையை மடியில் வைத்துக்கொண்டு கோத்தகிரியில் பஸ் ஏறினேன். மேட்டுப்பாளையம் இறங்கும்வரை வளைவுக்கு வளைவு பையைக் கட்டிப் பிடித்திருந்தேன். 69 நாள் ஆக வேண்டிய தரவு ஒரே நாளில் கீழே போய்விட்டது. அங்கே நல்ல இணைப்புள்ள ஓர் இடத்தில் உட்கார்ந்து ஏற்றினேன்.

முதல் ஜாப்பை நேற்று போட்டேன். திரையில் "காத்திருக்கிறது" என்றே இருந்தது. இரவு ஒன்பதுக்கு இங்கே கரண்ட் போனது. காற்றோடு மழை. லேப்டாப் அணைந்தது. அதிகாலை இரண்டு பத்துக்குக் கரண்ட் வந்து உள்ளே போய்ப் பார்த்தால், நான் இருட்டில் உட்கார்ந்திருந்த நேரத்திலேயே அது ஓடத் தொடங்கி, நவம்பரில் மிஞ்சிய நாட்களை முடித்து டிசம்பரில் நின்றிருந்தது. என் வீட்டில் விளக்கில்லை, என் சோலைக்கிளியை யாரோ எங்கேயோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மாவை எழுப்பிச் சொன்னேன்.

காலையில் சரிபார்ப்புப் பட்டியலை ஒப்பிட்டேன். மூன்று கோப்புகளின் எண் ஒத்துப்போகவில்லை. ஜனவரி 18, ஜனவரி 19, மார்ச் 2. மூலம் இங்கே பத்திரமாக இருக்கிறது, நாளை மறுபடியும் அனுப்புகிறேன்.

ஒட்டாவா அண்ணா, முதல் நாளே கேட்டுவிட்டேன், ஸ்க்ராட்ச்சில் எத்தனை நாள் இருக்கும் என்று. காலண்டரில் சிவப்பு மையில் குறித்திருக்கிறேன். குந்தா ஐயா, மழைமானி வாங்கியாயிற்று, அடுத்த வாரம் ஏழாம் எண் கருவிக்குப் பக்கத்தில் வைக்கிறேன், அளக்கும் முறையை நீங்களே வந்து காட்ட வேண்டும். டீச்சர், உங்கள் 140 மணி நேரத்தில் முதலில் 2 மணி நேரம் அனுப்புங்கள், நோட்டுப் பக்கத்தின் படத்தோடு. க்யூவில் அடுத்த இடத்தில் போடுகிறேன்.